பெடல் கீழே போகிறதா? பழைய ஜீப்பின் பிரேக்கைக் காலால் படிக்கலாம்

விதை, மண், பூச்சி என்று பேசும் பக்கங்களில் ஜீப்பின் பிரேக்குக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். விளைந்த சாமையும் மிளகும் வாழைத்தாரும் சந்தைக்கு வந்து சேர வேண்டும் அல்லவா? எங்கள் பக்கம் அவை கொல்லிமலையிலிருந்து காரவள்ளி அடிவாரத்துக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்க வேண்டும். இறக்குவது, நாங்கள் சிலர் காசு போட்டு வாங்கிய ஒரு பழைய டீசல் ஜீப். நம்மில் பலரிடம் இப்படி ஒரு வண்டி இருக்கிறது. ஜீப்போ, பழைய பிக்கப்போ, எரு அடிக்கும் மினி லாரியோ, ஆயிலில் வேலை செய்யும் பிரேக் எல்லாவற்றுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். டிராக்டரில் பெரும்பாலும் கம்பியால் இழுக்கும் பிரேக்தான். அது வேறு கதை.

இலை மஞ்சளானதும் யூரியாவைத் தூவு என்று சொன்னவர்களை நாம் கேள்வி கேட்டவர்கள். ஆனால் வண்டி விஷயத்தில் நாமே அப்படித்தான் நடந்துகொள்கிறோம். பெடல் கீழே போனால் ஆயில் ஊற்று, இரண்டு மிதி கூட மிதி, ஓட்டு. ஆயில் ஏன் குறைந்தது, பெடல் ஏன் இறங்கியது என்று கேட்பதில்லை. எங்கள் ஜீப்பை ஓட்டும் தம்பியும் பல வாரமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். "மூணு மிதி மிதிச்சா நிக்குதுங்ணா, பரவால்லீங்க." மூன்று மிதி மிதிக்க நேரம் இருக்கிற வரைக்கும் பரவாயில்லை. வளைவில் எதிரே பஸ் வந்தால் ஒரு மிதிக்குத்தான் நேரம்.

கொஞ்சம் ஆயில், எட்டு இடைவெளி

வண்டி பெரிது, ஆனால் பிரேக்கை இயக்கும் ஆயில் மிகக் கொஞ்சம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 25 மி.மீ., ஒரு மிதிக்கு அதன் பிஸ்டன் 30 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே தள்ளப்படும் ஆயில் ஏறக்குறைய 15 மி.லி. ஒரு மேசைக்கரண்டி அளவு. அதை நான்கு சக்கரங்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்றால், ஒரு சக்கரத்துக்கு இரண்டு ஷூ, மொத்தம் எட்டு. வீல் சிலிண்டரும் 25 மி.மீ.தான் என்று கொள்ளுங்கள். லைனிங் தேய்ந்து, அதன் பிஸ்டன்கள் பக்கத்துக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நகர வேண்டி வந்தால், சக்கரத்துக்கு ஒரு மி.லி., வண்டிக்கு நான்கு மி.லி. அதிகம் தேவை. பெடலின் ஓட்டத்தில் கால் பங்குக்கு மேல் அதிலேயே போய்விடும். எதுவும் ஒழுகவில்லை, எதுவும் கெடவில்லை, ஆனாலும் பெடல் கீழே போகும். அதனால்தான் எடுத்த எடுப்பில் கிட் மாற்று, மாஸ்டர் சிலிண்டர் மாற்று என்று ஓடக் கூடாது என்கிறேன்.

மூன்று விதமான இறக்கம்

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். இன்ஜினை நிறுத்துங்கள். பூஸ்டர் உள்ள வண்டியானால் நாலைந்து முறை மிதித்து அதில் தேங்கிய வேக்குவத்தைக் காலி செய்துவிட்டு, கொஞ்ச நேரம் விட்டுத் தொடங்குங்கள்.

ஒரு முறை, நிதானமாக, ஒரே மிதி. பெடல் எங்கே நிற்கிறது, தரைக்கும் அதற்கும் எத்தனை விரல் இடைவெளி என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை எடுத்து அரை நிமிடம் விடுங்கள். பிறகு வேகமாக மூன்று மிதி. மூன்றாவதில் பெடல் மேலே வந்து, கட்டையை மிதித்தது போலக் கெட்டியாக நின்றால் ஷூ இடைவெளிதான் முதல் சந்தேகம். வேகமாக மிதிக்கும்போது ஷூ முழுதாகப் பின்வாங்குவதற்குள் டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் ஆயில் உள்ளே புகுந்துவிடுகிறது, அதனால் பெடல் ஏறுகிறது.

மேலே வந்த பிறகும் காலுக்கடியில் துள்ளினால், பஞ்சுத் தலையணையை அமுக்குவது போல இருந்தால், உள்ளே காற்று. ஆயிலை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். உறுதி செய்ய எளிய வழி ஒன்று உண்டு. ஒருவர் வேகமாகச் சில மிதி மிதித்து அழுத்திப் பிடிக்கட்டும். இன்னொருவர் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பார்க்கட்டும். பெடலைச் சட்டென்று விட்டதும் ஆயில் ஊற்று போலப் பீறிட்டால், நசுங்கிய காற்று விரிந்து ஆயிலைத் திருப்பித் தள்ளுகிறது என்று அர்த்தம். கண்ணில் பட்டால் எரியும், பெயிண்டில் பட்டால் உரியும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

மூன்றாவது வகைதான் எனக்குப் பிடிக்காதது. பெடல் நல்ல உயரத்தில் கெட்டியாக நிற்கும். ஆனால் ஒரு நிமிடம் ஒரே அழுத்தமாகப் பிடித்தால் சேற்றில் கால் புதைவது போல மெல்ல மெல்ல இறங்கும். எங்கோ ஆயில் வெளியேறுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் கப்பைத் தாண்டிப் பின்னால் நழுவுகிறது. டப்பாவில் அளவு குறையாமல், எங்கும் ஈரம் இல்லாமல் பெடல் இறங்கினால் பின்னதுதான். இது ஓட்டும்போது தெரியாது, ஏனென்றால் நாம் யாரும் ஒரு நிமிடம் பிரேக்கை அழுத்தி ஓட்டுவதில்லை. மலை இறக்கத்தில் மட்டும்தான் தெரியும்.

இந்த மூன்றும் தனித்தனியாகத்தான் வரும் என்று சட்டம் இல்லை. பழைய வண்டியில் இரண்டு சேர்ந்து வரும். எங்கள் ஜீப்பில் மூன்றும் வந்தது.

பெடலைத் தூக்கிக் கொடுத்த கதை

தம்பி மூன்று மிதி மிதித்து ஓட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில், ஒருநாள் வழியில் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கே ஆயிலை நிரப்பி, பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் தள்ளுகம்பியை நீட்டிவிட்டார்கள். பெடல் மேலே வந்துவிட்டது. பத்து நிமிட வேலை. அவருக்கும் சந்தோஷம்.

இந்த வைத்தியம் ஏன் ஆபத்து என்று சொல்ல வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குள், பிஸ்டனின் ஓய்வு நிலைக்குச் சற்று முன்னால், ஊசித்துளை போல ஒரு சிறு துவாரம் இருக்கிறது. பெடலை விட்டதும் மிச்ச அழுத்தமும், சூட்டில் விரிந்த ஆயிலும் அதன் வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்பும். அதற்குப் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வர வேண்டும். அதற்காகத்தான் பெடலின் தொடக்கத்தில் கொஞ்சம் காலி ஆட்டம் விடுகிறோம். பல பழைய ஜீப்களில் இது பெடல் நுனியில் அரை அங்குலம் போல இருக்கும். விரலால் அழுத்தினாலே அந்த ஆட்டம் தெரிய வேண்டும். தள்ளுகம்பியை அளவுக்கு மீறி நீட்டினால் பிஸ்டன் எப்போதும் கொஞ்சம் உள்ளேயே இருக்கும், துவாரம் மூடியே இருக்கும். ஆயில் திரும்ப முடியாது. பிரேக் விடாமல் உரசும், டிரம் சூடாகும், ஆயில் இன்னும் விரியும், இன்னும் இறுக்கும்.

அன்று ஜீப் ஏறும்போதே இழுக்கவில்லை என்று தம்பி நினைத்திருக்கிறார். செம்மேடு போய்ச் சேர்ந்து சக்கரத்தில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்றது. பெடலை மிதித்தால் பஞ்சு. அந்தப் பையனிடம் எனக்குப் பிடித்தது, மூட்டை ஏற்றாமல் எனக்குப் போன் செய்ததுதான். "ஆறட்டும், அப்புறம் சரியாயிரும்"னு பக்கத்தில் யாரோ சொன்னார்களாம். உண்மைதான், ஆறினால் சரியாகும். பத்தாவது வளைவு வரைக்கும்.

சூட்டில் பெடல் பஞ்சாவதற்குக் காரணம் ஆயிலில் இருக்கும் ஈரம். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே அல்ல. வழக்கமான டாட் 3, டாட் 4 இரண்டும் ஈரத்தை இழுக்கும் திரவங்கள். மழைக்காலத்தில் கருப்பட்டி இளகுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே குணம். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரம் கேட்பது 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, 155. இரண்டு மூன்று மழைக்காலம் பார்த்த ஆயில் வீல் சிலிண்டருக்குள் கொதித்து ஆவியானால், அந்த ஆவியும் காற்றைப் போல நசுங்கும். ஆறியதும் மறுபடி திரவமாகிவிடும். பட்டறைக்கு வரும்போது வண்டி நல்லபடியாகத்தான் இருக்கும். "ஒண்ணும் இல்லீங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

அன்று ஜீப்பை இறக்கவில்லை. மூட்டைகளை வேறு வண்டியில் வாடகைக்கு அனுப்பினோம். குழுவில் சிலருக்கு அந்த வாடகை வருத்தம்தான். இருக்கட்டும். ஜீப்பை அங்கேயே ஒரு உறுப்பினரின் களத்தில் நிறுத்தி வேலையைத் தொடங்கினோம்.

முதல் வேலை, தள்ளுகம்பியைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து காலி ஆட்டத்தைத் திரும்பக் கொடுத்தது. பெடல் உடனே மறுபடி கீழே போனது. போக வேண்டும். அதுதான் அதன் உண்மையான நிலை.

சக்கரத்தைத் தூக்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பழைய ஜீப் பலவற்றில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, பின்னால் போகும் தண்டில் இருக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் அது சுழல முடியும். அதனால் ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தும் வண்டி உருளும். கல் வைக்காமல் தூக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், கனத்த மரக்கட்டை முட்டுக் கொடுங்கள்.

எந்தச் சக்கரத்தில் குறை என்று தேட ஒரு வழி, ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கவ்விப் பார்ப்பது. இதுபோன்ற ஜீப்பில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று இருக்கும். மூன்றையும் வழவழப்பான வாய் உள்ள கிளாம்பால் மெல்லக் கவ்விவிட்டு மிதித்தால் பெடல் உயரத்தில் கல் போல நிற்க வேண்டும். நின்றால் மாஸ்டர் சிலிண்டர் ஓரளவு சரி. பிறகு ஒவ்வொன்றாக விடுங்கள். எதை விட்டதும் பெடல் விழுகிறதோ அந்தப் பக்கம் பாருங்கள். வெடிப்பு விட்ட பழைய ஹோஸ்களில் இதைச் செய்யாதீர்கள், உள்ளே கிழிந்துவிடும். அப்படிப்பட்ட ஹோஸை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மிதிக்கும்போது பாம்பு இரை விழுங்கியது போல உப்பினால், அதுவே பெடல் பஞ்சாக இருப்பதற்குக் காரணமாகவும் இருக்கும்.

எங்கள் ஜீப்பில் பின் ஹோஸை விட்டதும் பெடல் விழுந்தது. பின் இடது டிரம்மைக் கழற்றினோம். டிரம் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரசர் காற்றும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பூச்சிமருந்து மூட்டையைத் தொடாதவர்கள் இதை மூச்சில் இழுப்பானேன்?

உள்ளே வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கினால் ஆயில் வழிந்தது. லைனிங் ஊறிப்போயிருந்தது. ஊறிய லைனிங்கை வெயிலில் காயவைப்பது, பெட்ரோலில் கழுவுவது, தீயில் வாட்டுவது எல்லாம் நம் ஊரில் நடக்கும். சூடானதும் மறுபடி கசியும். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் வண்டி இழுத்துக்கொண்டு திரும்பும். ஷூவை ஜோடியாக, இரு பக்கமும் மாற்றுங்கள். சிலிண்டருக்குள் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தோம். துருக்குழியில் நகம் தட்டியது. குழி விழுந்த சிலிண்டரில் புதுக் கப் போட்டால் சில மாதம்தான் தாங்கும், அதனால் சிலிண்டரையே மாற்ற முடிவு செய்தோம். மறுநாள் நான் பஸ்ஸில் நாமக்கல் போய் வாங்கி வந்தேன். இப்படித் துருப்பிடிக்க ஆயிலில் ஏறிய ஈரமே போதும். நம் வண்டிகளில் வெளியிலிருந்தும் துரு ஏறுகிறது: தொழுவுரம், கோமியம், ஜீவாமிர்த டிரம் எல்லாம் தளும்பித் தளும்பி இரும்புக் குழாயையும் நிப்பிளையும் அரிக்கின்றன. எரு ஏற்றிய அன்றைக்கே அடிப்பகுதியைத் தண்ணீர் அடித்துக் கழுவுவது நல்லது.

ரப்பர் கப்பை டீசலில், மண்ணெண்ணெயில், இன்ஜின் ஆயிலில் கழுவவே கூடாது. ஊறி உப்பிவிடும். பிரேக் ஆயிலில் மட்டும் நனைத்துப் போடுங்கள்.

பிறகு ஷூ நெருக்கம். எங்கள் ஜீப்பில் டிரம்முக்குப் பின்தட்டில் ஷூவுக்கு ஒன்றாக போல்ட் இருக்கிறது. சில வண்டிகளில் தட்டில் உள்ள ஓட்டை வழியாகத் திருகும் பல்சக்கரம் இருக்கும். சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே, ஷூ பிடித்து நிற்கும் வரை இறுக்கி, பிறகு சுதந்திரமாகச் சுழலும் வரை கொஞ்சம் தளர்த்த வேண்டும். லேசாக உரசும் சத்தம் இருந்தால் பாதகமில்லை. எட்டு ஷூவுக்கும் இதைச் செய்ய அரை நாள் ஆகும். பெடல் கீழே போகும் வண்டிகளில் பாதிக்கு இந்த அரை நாளே போதும் என்பது என் அனுபவம். முன்னால் டிஸ்க் உள்ள பிக்கப்புகளிலும் பின்டிரம்மின் தானியங்கி நெருக்கி துருப்பிடித்து நின்றுபோனால் இதே கோளாறுதான்.

காற்று எடுப்பது

இரண்டு பேர் வேண்டும், அவர்களுக்குள் பேச்சு ஒழுங்காக இருக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுநுனியை, அடியில் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கி வையுங்கள்.

உள்ளே இருப்பவர் பெடலை நிதானமாக அழுத்தி, "புடிச்சிருக்கேன்" என்று சொன்ன பிறகு கீழே இருப்பவர் நிப்பிளைத் திறக்கிறார். பெடல் இறங்கும், குமிழி வரும். நிப்பிளை மூடி, "விடு" என்ற பிறகே பெடலை விட வேண்டும். முன்னே பின்னே ஆனால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். குமிழியே வராத வரைக்கும், புது ஆயிலின் நிறம் வரும் வரைக்கும் செய்யுங்கள். இடையிடையே டப்பாவைப் பாருங்கள். அது காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டிலில் சேர்ந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய வண்டியில் பிஸ்டன் தினமும் ஓடும் பகுதி வழவழப்பாக இருக்கும். அதைத் தாண்டிய பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். காற்று எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் கப்பின் உதடு அந்தத் துருவில் ஏறிக் கிழியும். "ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டர் போச்சு" என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம். பட்டறையில் கொடுத்தாலும் இந்தக் கட்டையை வைக்கச் சொல்லுங்கள்.

எத்தனை எடுத்தும் காற்று தீரவில்லை என்றால் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது சிலிண்டரின் உச்சியில் இருக்க வேண்டும். டிஸ்க் வண்டியில் இடது காலிப்பரை வலதில் மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும்.

எங்கள் ஜீப்பில் எல்லாம் முடிந்து மிதித்தால் பெடல் உயரத்தில், கெட்டியாக நின்றது. களத்தில் இருந்தவர்கள் கிளம்பலாம் என்றார்கள். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தேன். இரண்டு விரல் அளவு இறங்கியது. எங்கும் ஈரமில்லை, டப்பாவில் அளவு குறையவில்லை. மாஸ்டர் சிலிண்டரின் கப்தான். இது பழைய வண்டிகளில் நடப்பதே. மற்ற இடமெல்லாம் ஒழுகும்போது அழுத்தமே ஏறாது. மற்றதைச் சரிசெய்து முழு அழுத்தம் வந்ததும் அடுத்த பலவீனம் வெளியே தெரியும். இன்னும் ஒருமுறை நாமக்கல் பஸ். அந்த ஜீப்பில் ஒரே சர்க்யூட்தான், மாஸ்டர் சிலிண்டர் போனால் நான்கு சக்கரமும் போகும். அதனால் இதில் பேச்சுக்கே இடமில்லை.

இறங்குவதற்கு முன் நான்கு சக்கரத்துக்கு உள்பக்கமும், மாஸ்டர் சிலிண்டருக்கு அடியிலும் அட்டை விரித்து ஓர் இரவு விட்டோம். காலையில் அட்டையில் பொட்டு இல்லை. மேலே சமதரைச் சாலையில் மூட்டை இல்லாமல் மெதுவாக ஓட்டி, பலமுறை பிரேக் பிடித்து, இறங்கி ஒவ்வொரு டிரம்மிடமும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தோம். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் ஷூ உரசுகிறது, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. நான்கும் ஒரே மாதிரி இருந்தன. அதன் பிறகுதான் இறக்கம், அதுவும் ஏறிய கியரிலேயே. இன்ஜின் பிடித்துக்கொள்ள வேண்டியதைப் பிரேக்கின் தலையில் கட்டக் கூடாது.

ஓட்டத்தில் பெடல் தரைக்குப் போய்விட்டால்: வேகமாக மிதித்துக்கொண்டே இருங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்து ஓடையில் சாய்த்து விடுங்கள். இன்ஜினை அணைக்காதீர்கள்.

இப்போது தம்பி ஒவ்வொரு சந்தை நாள் காலையிலும் மூன்று சோதனையும் செய்துவிட்டுத்தான் மூட்டை ஏற்றுகிறார். ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, புதிதாக உடைத்த டின்னிலிருந்து மாற்றுகிறோம். மாற்றிய மாதத்தை டப்பாவின் மூடியில் பெயிண்டால் எழுதியிருக்கிறோம். எடுத்த பழைய ஆயிலை வரப்பிலோ வாய்க்காலிலோ ஊற்றுவதில்லை. நாயோ கன்றோ நக்காத இடத்தில் மூடி வைத்து, பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் தனியாகச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.